ஊக்கம் இருக்கும்போதே ஏற்பாடு: தில்லித் தமிழர்கள் நலப் பழக்கங்கள் பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆண்டுப் பிறப்பு கழிந்த வாரத்திலும், மருத்துவப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்த வாரத்திலும் தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே மாதிரியான பேச்சு எழுகிறது. நாளை முதல் நடக்கப் போகிறேன், சர்க்கரையைக் குறைக்கப் போகிறேன், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கப் போகிறேன் என்று உண்மையான மனத்துடன் சொல்கிறார்கள். உணவு ஆலோசகராக இந்த நகரத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றும் என்னிடம், ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலிலும் மயூர் விஹார் அடுக்ககக் கூட்டங்களிலும் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எண்ணம் உண்மையாகவே இருக்கிறது. இருந்தும் இரண்டு வாரத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. எனக்கு மன உறுதி குறைவா?

நான் அப்படி நினைக்கவில்லை. ஊரில் இதை ஆரம்ப சூரத்தனம் என்பார்கள். அந்தச் சொல்லில் கொஞ்சம் ஏளனம் கலந்திருப்பதால், பாதியில் விட்டவர் தம்மையே குறை சொல்லிக்கொண்டு மறுபடி தொடங்கக் கூசுகிறார். தொடக்கத்தில் வேகம் இருப்பதும் பின்பு அது தணிவதும் எல்லோருக்கும் உள்ள இயல்புதான். அந்த முதல் வேகத்தை எதில் செலவிடுகிறோம் என்பதில்தான் பிழை நேர்கிறது. பெரும்பாலோர் அதை முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் நடப்பதிலும், ஒரேயடியாகச் சோற்றை நிறுத்துவதிலும் தீர்த்துவிடுகிறார்கள். வேகம் தணிந்த பிறகு அவர்கள் கையில் மிஞ்சுவது கால்வலி மட்டுமே. அதே வேகத்தில் நடப்பதற்கான நேரத்தைக் குறித்து, செருப்பை வாங்கி, வீட்டாரிடம் சொல்லி, மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்திருந்தால், ஊக்கம் போன பிறகும் ஏற்பாடு வீட்டிலேயே இருக்கும்.

இதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். சாரா மில்ன், ஷீனா ஓர்பெல், பாஸ்கல் ஷீரன் ஆகியோர் பிரிட்டனில் 248 மாணவர்களை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்டது அது. மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி பற்றி எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவினருக்கு, பயிற்சி செய்தால் இதய நோய் வரும் வாய்ப்பு எவ்வாறு குறையும் என்று மனத்தில் பதியும்படி விளக்கினார்கள். மூன்றாம் பிரிவினருக்கு அதே விளக்கத்தைத் தந்ததோடு, வரும் வாரத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்யப் போகிறீர்கள் என்று எழுதவும் சொன்னார்கள். அந்த வாரத்தில் ஒருமுறையேனும் 20 நிமிடம் பயிற்சி செய்தவர்கள் முதல் பிரிவில் 38 சதவீதம், இரண்டாம் பிரிவில் 35 சதவீதம், மூன்றாம் பிரிவில் 91 சதவீதம். மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு இது, அதுவும் ஒரு வாரத்துக்கானது. ஆகவே இதை வாழ்நாள் பழக்கத்துக்கான சான்றாக நான் காட்ட மாட்டேன். ஆனால் விளக்கம் கேட்டு ஊக்கம் பெற்றவர்கள், எதுவும் கேட்காதவர்களைவிட ஓர் அடிகூட அதிகம் எடுத்து வைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எதையும் 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

அந்த எண்ணுக்குப் பழக்க ஆய்வு எதுவும் அடிப்படை இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், முக அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். வாய்வழியே பரவியபோது அதிலிருந்த "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்துவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்தார்கள். காலை உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது, மதிய உணவோடு பழம் உண்பது, மாலையில் சிறிது ஓடுவது போன்ற ஒரு செயலை ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டார்கள். யோசிக்காமலே அந்தச் செயலைச் செய்யும் நிலையை அடைய, நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. மிக விரைவில் பழகியவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. மிக மெதுவாகப் பழகுவோருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது எளிதில் பழகியது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் காலம் தேவைப்பட்டது. 22ஆம் நாள் காலையில் எழக் கடினமாக இருந்தால், அதில் வியப்பதற்கு எதுவுமில்லை.

திட்டம் என்றால் எதை எழுத வேண்டும்? "காலையில் நடப்பேன்" என்பது போதாதா?

போதாது. அது விருப்பத்தைச் சொல்கிறதே தவிர, எப்போது தொடங்குவது என்பதைச் சொல்லவில்லை. நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் பீட்டர் கோல்விட்சர், "இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்" என்ற வடிவத்தில் எழுதப்படும் திட்டங்களை நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவரும் ஷீரனும் இத்தகைய 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் நோக்கத்தைவிட இந்த வடிவம் தெளிவான பலன் தருவதாகக் கண்டார்கள். முடிவை முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் இதன் உட்பொருள். குறித்த நேரம் வரும்போது மனத்துக்குள் வாதம் நடக்க இடமே இருக்காது.

"நடந்தால்" என்ற பகுதியைக் கடிகார நேரமாக வைப்பதைவிட, ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஒரு செயலோடு கட்டுவது நல்லது. நம் வீடுகளில் அதற்கு ஓர் அருமையான தருணம் உண்டு. காலையில் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிய பிறகு டிகாக்‌ஷன் இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் பலர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். "ஃபில்டரில் வெந்நீர் ஊற்றியதும் செருப்பை மாற்றிக்கொண்டு கீழே இறங்கி, பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து காபி கலப்பேன்" என்று எழுதுங்கள். இதில் அலாரம் வேண்டாம், நினைவூட்டல் வேண்டாம், திரும்பி வந்ததும் காபி கிடைக்கும். கரோல் பாகிலும் ஜனக்புரியிலும் இதைப் பின்பற்றும் குடும்பங்களை எனக்குத் தெரியும். வெந்நீரை ஊற்றியதும் கால் தானாகச் செருப்பைத் தேடுகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அதே காகிதத்தின் கீழ்ப் பாதியைத் தடைகளுக்கு ஒதுக்குங்கள். விருந்தாளி வந்தால், மழை கொட்டினால், இரவு வெகுநேரம் வேலை பார்த்திருந்தால், தெருநாய்கள் கூட்டமாக நின்றால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். போன முறை உங்கள் நடை எதனால் நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இந்த முறையும் அநேகமாக அதனால்தான் நிற்கும். முதல் மாற்றுவழி அதற்கே இருக்கட்டும்.

எவ்வளவில் தொடங்குவது?

வெட்கப்படும் அளவு சிறியதாகத் தொடங்குங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்திருக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. எனவே எட்டு நிமிட நடையும் நடைதான். முதல் மாதத்தில் தூரம் பெரிதில்லை, நாள் தவறாமல் கதவைத் தாண்டுவதுதான் பெரிது.

தில்லியில் ஒரு பழக்கத்தை எப்படி ஆண்டு முழுவதும் காப்பது? மே மாதம் வெயில், நவம்பரில் புகை, ஜனவரியில் பனிமூட்டம்.

இந்தக் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுப்பது வழக்கம். ஏனென்றால், சென்னையிலோ கோவையிலோ வளர்ந்து இங்கே வந்தவர்கள், நடைக்கு ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அந்த ஒரே நேரத்தை இந்த நகரம் ஆண்டுக்கு மூன்று முறையாவது பறித்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடும். ஜனவரித் தொடக்கத்தில் ஏழேகாலாகும். ஜூனில் காலை ஐந்தரைக்குப் பழகிய நடை, டிசம்பரில் இருட்டிலும் குளிரிலும் நடக்க வேண்டியதாகிறது. நின்றுபோனது உங்கள் உறுதி தளர்ந்ததாலன்று, திட்டம் ஒரு பருவத்துக்கு மட்டும் எழுதப்பட்டதால்.

ஆகவே நான்கு பருவத்துக்கும் நான்கு வரி எழுதி, அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை நடை காலை ஆறரைக்குள் முடிய வேண்டும். மாலையில் தரையும் சுவரும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருப்பதால் எட்டு மணிக்குக்கூட உடல் களைத்துவிடும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத வழி எது என்று முன்பே பார்த்து வையுங்கள். டெங்குக் கொசு பகலில், அதிலும் காலையிலும் அந்திக்கு முன்பும் அதிகம் கடிப்பதால் முழுக்கைச் சட்டை வேண்டும். குளிர்காலத்தில் அலுவலக மதிய இடைவேளையே சிறந்த நேரம். சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு வெயிலில் பதினைந்து நிமிடம் நடப்பவர்களுக்கு, ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி மேசையில் கிடப்பவர்களைவிட மாலைச் சோர்வு குறைவாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

புகைக்காலம் தனி வகை. அறுவடைக்குப் பின் வயல்களில் பயிரின் அடித்தாள் எரிக்கப்படும் புகை, வாகனங்களின் புகை, தீபாவளி வெடி, காற்று அசையாத குளிர்ந்த வானிலை ஆகியவை அக்டோபர் இறுதியிலிருந்து ஒன்றுசேர்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டில் 201 முதல் 300 வரை மோசம், 301 முதல் 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நிலையத்தின் எண்ணைப் பார்க்கலாம். வேகமாக நடக்கும்போது மூச்சும் அதிகமாவதால், அந்தக் காற்றை நாம் கூடுதலாகவே உள்ளிழுக்கிறோம். என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் விதி இது: எண் 200ஐத் தாண்டினால் முதியவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா அல்லது இதய நோய் உள்ளவர்களும் வெளியே நடக்க வேண்டாம், 300ஐத் தாண்டினால் யாருமே வேண்டாம். அன்று காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், எண்ணைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. எண்ணோடு வாதாட முடியாது.

அப்படியானால் அந்த இரண்டு மாதமும் உடற்பயிற்சி இல்லையா என்று கேட்பார்கள். இங்கேதான் முன்னேற்பாடு கைகொடுக்கிறது. முன்பு சொன்ன தசைப் பயிற்சியை வாரம் இரண்டு நாள், வீட்டுக்குள், ஆண்டு முழுவதும் செய்துவாருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இழுக்கும் ரப்பர் பட்டை, தெரிந்தவர்களுக்குச் சூரிய நமஸ்காரம், இவை போதும். ஓர் பாய் விரிக்கும் இடமும் அதற்கு என்று ஒரு மூலையும் இருந்தால் சரி. நவம்பர் வந்ததும் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்காது. இரண்டு நாளாக இருந்ததை ஐந்து நாளாக்கினால் போதும். டிகாக்‌ஷன் இறங்கும் அதே கால் மணி நேரம், கீழே இறங்குவதற்குப் பதிலாக அந்த மூலைக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். புகை வந்த பிறகு பாய் வாங்கப் புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அதை விரிப்பதே இல்லை.

சமையலறையில் முன்னேற்பாடு என்றால் என்ன செய்ய வேண்டும்?

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கட்டுப்பாட்டைத் தேடாதீர்கள். அங்கே பசி இருக்கும், மணம் இருக்கும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்ல ஆளும் இருக்கும். முடிவை அதற்கு முந்தைய இடத்துக்கு மாற்றுங்கள். சோற்றைக் குறைக்க வேண்டுமானால் அரிசி அளக்கும் உழக்கிலேயே குறையுங்கள். குக்கரில் இல்லாத சோறு தட்டுக்கு வராது. குறைத்த அளவுக்கு ஈடாகக் காயைக் கூட்டிச் சமைக்காவிட்டால் ஒன்பது மணிக்குப் பசித்து, மிக்சர் டப்பா திறக்கும். பழமும் காயும் சேர்ந்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டால்தான் நாம் எவ்வளவு குறைவாக வாங்குகிறோம் என்பது விளங்கும்.

காய் என்றதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கிவந்தால்தான் நல்ல சமையல் என்று நினைப்பவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை ஆசைக்குப் போகலாம், ஆனால் அன்றாட உணவை அந்தப் பயணத்தோடு கட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு அருகில் சஃபல் கடையிலோ தள்ளுவண்டியிலோ கிடைப்பதே போதும். குளிர்காலத்தில் இந்த ஊரில் கிடைக்கும் கீரைச் செல்வம் நம் ஊரிலும் அரிது. பாலக்கை மசியலாக்கலாம், வெந்தயக் கீரையைப் புளிக்குழம்பில் போடலாம், பத்துவாவைப் பருப்போடு கூட்டாக்கலாம், வெள்ளை முள்ளங்கியைச் சாம்பாரிலும் அதன் இலையைப் பொரியலிலும் சேர்க்கலாம். கீரை ஆய்வதுதான் தடை. வார நாளில் அதற்கு நேரம் கிடைக்காது. சனிக்கிழமை மாலை தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் உட்காரும்போது செய்தித்தாளை விரித்து, குழந்தைகள் உட்பட ஆளுக்கொரு கட்டு ஆய்ந்துவிடுங்கள். கழுவாமல் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் புதன் வரை தாங்கும். இரவு படுக்கும் முன் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ ஊறப்போட்டால் மறுநாள் மாலைச் சுண்டல் உறுதியாகிவிடும். நம் ஊர்க் கம்பு இங்கே பாஜ்ரா என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.

ஒரு சிறிய செய்தி, பலரைக் காலைச் சிற்றுண்டியில் தவறவிடுவது: டிசம்பரில் இட்லி மாவு பொங்குவதில்லை, அதனால் இரண்டு மாதம் ரொட்டியும் ஜாமும் தின்கிறார்கள். அரைத்த மாவை விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள்ளோ, வெந்நீர்ப் பாத்திரத்தோடு மூடிய பெட்டிக்குள்ளோ வையுங்கள். வழக்கமான நேரத்தைவிட நான்கைந்து மணி முன்னதாக அரைத்துவிடுங்கள். பொங்கிவிடும்.

உப்புக்கும் இவ்வாறே ஒரு வழி உண்டு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 50 நாளாவது வர வேண்டும் என்று ஆகிறது. பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். ஊறுகாயும் அப்பளமும் கடைத் தின்பண்டமும் இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பதால், 50 நாளைத் தாண்டி வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். 30 நாளில் தீர்ந்தால் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் நாலு மணிக்குச் சாயும் சமோசாவும் வருகின்றன. வேண்டாம் என்று நினைத்தாலும் கை நீள்கிறதே?

கை நீள்வது பசியால் அன்று, இடத்தால். டேவிட் நீலும் வெண்டி உட்டும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், திரையரங்கில் சிலருக்குப் புதிய பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரப் பழைய பாப்கார்னும் கொடுத்தார்கள். திரையரங்கில் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், பழையது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே புதியதன் அளவுக்குத் தின்றார்கள். அதே பழக்கமுள்ளவர்கள் கூட்ட அறையில் உட்கார்ந்து வேறு காட்சி பார்த்தபோது பழையதைக் குறைவாகவே தின்றார்கள். பழகாத கையால் தின்னச் செய்தபோதும் பழக்கத்தின் பிடி தளர்ந்தது. நாலு மணிக்கு உங்கள் மேசையும் அப்படி ஒரு திரையரங்குதான். சாய் வரும் நேரத்தில் மேசையில் இருக்காதீர்கள். மூன்று ஐம்பதுக்கு எழுந்து வேறு தளத்திலுள்ள தண்ணீர்க் குழாய் வரை படியேறிப் போய்வாருங்கள். கொண்டுவந்த சுண்டலையோ கொய்யாப் பழத்தையோ மூன்றரைக்கே முடித்துவிடுங்கள்.

சர்க்கரையின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாலு சாய் குடித்தால் 30 கிராமுக்கு மேல் ஆகிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாய் கொண்டுவரும் தம்பியிடம், உற்சாகமாக இருக்கும் திங்கட்கிழமையே, எனக்கு எப்போதும் சர்க்கரை இல்லாமல் கொடு என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் முதல் உங்கள் முடிவை அவர் நினைவில் வைத்திருப்பார்.

காலையில் சமையல், குழந்தைகளின் பள்ளி, பிறகு வேலை. எனக்கென்று கால் மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

இதைப் பெண்கள்தான் கேட்கிறார்கள். ஆண்கள் கேட்டு நான் அதிகம் கண்டதில்லை. நேர மேலாண்மை பற்றிப் பேசி இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது நியாயமில்லை. வீட்டில் மூன்று பேருக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டுகிறவருடைய கால் மணி நேரம் தானாக மிஞ்சாது, யாரேனும் ஒருவர் ஒரு வேலையை எடுத்துக்கொண்டால்தான் உண்டாகும். ஆகவே இவர்களுடைய திட்டத்தில் "நான்" என்ற வரிக்கு முன் "அவர்" என்ற வரி வர வேண்டும். "ஆறே முக்காலுக்கு அவர் குழந்தைகளை எழுப்பிப் பல் துலக்க வைப்பார், அப்போது நான் கீழே நடப்பேன்." இதை எழுதும்போது இருவரும் உடனிருக்க வேண்டும். உதவி செய்கிறேன் என்ற பொதுவான வாக்கு இரண்டு நாளில் மறந்துபோகும். எந்த வேலை, எந்த நேரம் என்று பெயரிட்ட ஒப்பந்தம் நிலைக்கும். மாமியாரோ அம்மாவோ உடனிருந்தால் அவர்களையும் நடைக்குக் கூட்டிச் செல்வது இரட்டை நன்மை. அவர்களுக்கும் அந்த நடை தேவை, வீட்டுக்குள் எதிர்ப்பும் எழாது.

ஒரு நாள் தவறினால் எல்லாம் வீணா?

இல்லை. லாலியின் ஆய்வில், ஒரு வாய்ப்பு தவறியவர்களிடம் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பின்னடைவு இல்லை. தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக நடக்க வேண்டாம், வழக்கமான இரண்டு சுற்றே போதும்.

ஊருக்கு இரண்டு வாரம் போய் வந்தால் எல்லாம் அறுந்துபோகிறதே?

ஒரு நாள் தவறுவதும் இடம் மாறுவதும் ஒன்றல்ல. பழக்கம் உங்கள் வீட்டு ஃபில்டரிலும் உங்கள் பூங்காவிலும் பாதி குடியிருக்கிறது. சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போய், சித்தி வீட்டுக் கூடத்தில் படுத்து எழும்போது அந்த அடையாளங்கள் எதுவும் அங்கே இல்லை. கேட்டி மில்க்மன் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், பிடித்தமான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்ற ஏற்பாட்டால் தொடக்கத்தில் வருகை நன்றாகக் கூடியது. நன்றி தெரிவிக்கும் திருநாள் விடுமுறை முடிந்து திரும்பியபோது அந்தப் பலன் கரைந்திருந்தது. நமக்குப் பொங்கலும் கோடை விடுமுறையும் அதுபோலத்தான்.

ஊரில் பழக்கத்தை முழுமையாகக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. உறவினர் வீட்டில் பலகாரத்தை மறுத்து எல்லோரையும் வருத்துவதைவிட, திரும்பி வரும் நாளைக் காப்பாற்றுவது முக்கியம். புறப்படும் முன்பே நடைச் செருப்பை வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். ஊறப்போட வேண்டிய பயற்றை டப்பாவில் எடுத்து அடுப்பு மேடையில் வையுங்கள். நிஜாமுதீனிலோ புது தில்லியிலோ இறங்கிய மறுநாள் காலையை, களைப்பாக இருந்தாலும் பாதிச் சுற்றுடன் தொடங்குவது என்று நாட்காட்டியில் எழுதிவிடுங்கள். அதே 2014இல் மில்க்மனும் ஹெங்சென் டாயும் ஜேசன் ரீஸும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற எல்லைக்கோட்டு நாள்களுக்குப் பின் மக்கள் உடற்பயிற்சியில் அதிகம் ஈடுபடுவதைக் காட்டியது. பயணத்திலிருந்து திரும்பும் நாளையும் அப்படி ஓர் எல்லைக்கோடாக நாமே வைத்துக்கொள்ளலாம்.

பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமா? கைக்கடிகாரம் வாங்கலாமா?

பத்தாயிரம் என்ற எண், 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. கடிகாரம் பிடித்திருந்தால் வாங்குங்கள். சுவர் நாட்காட்டியில் பேனாவால் ஒரு கோடு போடுவதும் அதே வேலையைச் செய்கிறது, வீட்டார் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டார். இத்தகைய சிறு மாற்றங்கள் உண்மையில் பயன் தருமா?

தரும், அதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், விளிம்பு நிலையில் இருந்த 531 பேர் பங்கேற்றார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவுத் திருத்தமும் நாளுக்கு அரை மணி நேர நடை போன்ற உழைப்பும் கொண்ட பிரிவில் அது 39.3 சதவீதம். அந்தப் பிரிவினரிலும் பலருக்கு நோய் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆகவே இரத்தப் பரிசோதனையை விடாதீர்கள், அடுத்த பரிசோதனைத் தேதியும் திட்டக் காகிதத்தில் இருக்கட்டும். ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ வந்தால் உடனே நின்று மருத்துவ உதவியை நாடுங்கள்.

இரண்டாவது பழக்கத்தை எப்போது தொடங்கலாம்?

நடை, உணவு, தூக்கம், தியானம் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குபவர்களை நான் தடுத்துவிடுவேன். முதல் பழக்கம் ஒரு பருவ மாற்றத்தையாவது தாண்டட்டும். கோடையில் தொடங்கியது மழையிலும் தொடர்ந்ததா, மழையில் தொடங்கியது புகைக்காலத்தில் வீட்டு மூலைக்கு மாறியதா என்று பாருங்கள். மற்றோர் அடையாளமும் உண்டு. செய்யலாமா வேண்டாமா என்ற எண்ணம் வருவதற்குள் செயல் தொடங்கியிருக்கும். முனிர்காவில் வசிக்கும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்று ஓய்வெடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு, வழக்கம்போல ஃபில்டரில் வெந்நீரை ஊற்றினாராம். சற்று நேரத்தில் கீழே பூங்காவில் முதல் சுற்றின் பாதியில் இருக்கும்போதுதான், ஓய்வெடுக்க நினைத்தது அவருக்கு நினைவு வந்ததாம். அவரை அடுத்த வாரம் புதிய காகிதத்துடன் வரச் சொன்னேன்.